ரெண்டு சத்தம் கேட்டிச்சும்மா: நாலு வண்டி மோதலில் யார் பொறுப்பு?

கேள்வி:

வணக்கம் ஐயா. மூன்று வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை, கொட்டும் மழை. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் போகும் பிஐஇ விரைவுச்சாலையில் நாலு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதிக்கொண்டன. முன்னால் வேன், அடுத்தது டாக்சி, அதற்கடுத்து என் கார், எனக்குப் பின்னால் ஒரு கம்பெனி லாரி. லாரியின் பின்புறம் ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிரேக் போட்டு நின்றுவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என் காரின் முன்பக்கம் டாக்சியில் இடித்திருக்கிறது. 11 வயது மகன் "ரெண்டு சத்தம் கேட்டிச்சும்மா" என்கிறான். என் காரில் கேமரா முன்பக்கம் மட்டும்தான்.

டாக்சிக்கார அங்கிள் ரொம்பப் பதறிப்போனார். அன்று இரவே அவருக்கு "சாரி அங்கிள், பம்பர் செலவை நான் பார்த்துக்கிறேன்" என்று வாட்ஸ்அப் அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை காலை காப்புறுதி நிறுவனத்தில் ரிப்போர்ட் செய்தேன். கணவரின் நண்பர் சொன்ன ஒர்க்‌ஷாப்பில் நாலைந்து தாளில் கையெழுத்து வாங்கினார்கள்; ஒன்றில் ஏதோ வக்கீல் நிறுவனத்தின் பெயர் இருந்தது. இப்போது டாக்சி கம்பெனி சார்பில் கடிதம் வந்திருக்கிறது, நான்தான் முழுப் பொறுப்பாம். லாரி முதலாளியோ "2,000 வெள்ளி தர்றேன், க்ளைம் எல்லாம் வேண்டாம்" என்று தினமும் கூப்பிடுகிறார். என் என்சிடி (க்ளைம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 50 விழுக்காடு.

இதையெல்லாம்விட மனதை அரிப்பது இன்னொன்று. பின்சீட்டில் இருந்த மாமனாருக்கு (71 வயது) மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கூ டெக் புவாட் மருத்துவமனையில் பார்த்து, இப்போது பிசியோவுக்குப் போகிறார். அவருக்கு இழப்பீடு கேட்கலாமா என்றால், "அப்பா சொந்த மருமக மேலயே கேஸ் போடணுமா?" என்று என் கணவர் கோபப்படுகிறார். வழி சொல்லுங்கள் ஐயா.

- ஈசூன் வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா, டாக்சி கம்பெனிக் கடிதத்தைக் கண்டு முதலில் பயப்படாதீர்கள். பின்னால் இருந்து இடித்தவர் மேல் முதல் விரல் நீளுவது இங்கே வழக்கம். டாக்சியின் பின்பக்கத்தில் பட்டது உங்கள் கார், அதனால் கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. உங்களுக்குப் பின்னால் லாரி வந்ததா, கப்பல் வந்ததா என்று அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 'முழுப் பொறுப்பு' என்பது ஒரு தரப்பு கேட்பது, தீர்ப்பல்ல. இந்த மாதிரிக் கடிதங்களை நானும் எழுதுகிறவன்தான். எடுத்த எடுப்பிலேயே "உங்கள் பங்கு 60 விழுக்காடு" என்று யாரும் எழுதுவதில்லை.

நாலு வண்டி சம்பந்தப்பட்ட விபத்தில் "தவறு யாருடையது" என்று மொத்தமாகக் கேட்டால் விடை கிடைக்காது. உங்கள் விபத்தில் மூன்று மோதல்கள் இருக்கின்றன: லாரி உங்கள் காரில், உங்கள் கார் டாக்சியில், டாக்சி வேனில். ஒவ்வொன்றும் எந்த வரிசையில் நடந்தது, எது எதைத் தள்ளியது என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் காப்புறுதி நிறுவனங்களும் பார்க்கும், நீதிமன்றமும் பார்க்கும்.

நீங்கள் டாக்சியைத் தொடாமல் நின்றுவிட்டீர்கள், லாரி வந்து இடித்த வேகத்தில் உங்கள் கார் டாக்சி மேல் தள்ளப்பட்டது, டாக்சி வேன் மேல் தள்ளப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பொதுவாக மூன்று மோதலுக்கும் லாரிதான் பொறுப்பு. டாக்சியின் பம்பருக்கும் சேர்த்து லாரியின் காப்புறுதிதான் கொடுக்க வேண்டும். மாறாக, நீங்கள் முதலில் டாக்சியில் இடித்து, அதற்குப் பிறகு லாரி உங்களை இடித்திருந்தால் கணக்கு மாறும். உங்கள் காரின் பின்பக்கச் சேதத்துக்கு அப்போதும் லாரிதான் முக்கியப் பொறுப்பு. ஆனால் டாக்சியின் பின்பக்கச் சேதத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. நீங்கள் இடித்துத் திடீரென்று நின்றதால்தான் தனக்கு இடம் போதவில்லை என்று லாரித் தரப்பு உங்கள் பின்பக்கச் சேதத்திலும் கொஞ்சம் குறைக்கப் பார்க்கும். டாக்சியே முதலில் வேனில் இடித்திருந்தால் இன்னொரு கணக்கு. வேன்காரர் டாக்சியைத்தான் முதலில் கேட்பார்.

இப்போது உங்கள் மகன் கேட்ட இரண்டு சத்தத்துக்கு வருவோம். ரொம்பப் பேர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். காருக்குள் இரண்டு சத்தம் கேட்டதால் நீங்கள் முதலில் டாக்சியை இடித்தீர்கள் என்று ஆகிவிடாது. லாரி பின்னால் மோதும் சத்தம் ஒன்று, தள்ளப்பட்ட உங்கள் கார் டாக்சியில் மோதும் சத்தம் ஒன்று, அதுவும் இரண்டுதான். நீங்களே போய் இடித்துப் பிறகு லாரி இடித்திருந்தாலும் இரண்டுதான். எது முதலில் என்பதை உடம்பு சொல்லும். பின்னால் இருந்து இடி விழுந்தால் முதலில் முதுகு சீட்டோடு போய் அழுந்தும், தலை பின்னால் சாயும். முன்னால் நீங்கள் இடித்தால் உடம்பு முன்னுக்குப் போய் சீட் பெல்ட் நெஞ்சை இறுக்கும். உங்களுக்கும் மகனுக்கும் மாமனாருக்கும் எது முதலில் நடந்தது? ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் நினைவு மாறுவதற்கு முன், தனித்தனியாக, அவரவர் வார்த்தையில், இன்றைக்கே எழுதி வையுங்கள். மகனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவன் சொல்வது உங்களுக்குப் பாதகமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.

சத்தத்தின் எண்ணிக்கை உண்மையில் உதவுவது டாக்சிக்குள்தான். டாக்சிக்காரருக்குப் பின்னால் ஒரே ஒரு இடிதான் விழுந்தது என்றால், நீங்கள் தள்ளப்பட்டீர்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. இரண்டு இடி விழுந்தது என்றால், முதல் இடி உங்களுடையது, இரண்டாவது லாரி தள்ளியது என்று வாதிட இடம் கிடைத்துவிடும். டாக்சியில் பயணி இருந்தாரா? வேன்காரர் தன் பின்னால் எத்தனை இடி என்று சொன்னார்? நீங்கள் காப்புறுதி நிறுவனத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் இவையெல்லாம் இல்லையென்றால், தெரிந்ததை இப்போதே எழுத்தில் சேர்த்துக் கொடுங்கள். அந்த அங்கிளை நீங்களாகக் கூப்பிட்டு விசாரிக்கப் போக வேண்டாம். அது காப்புறுதி நிறுவனத்தின் வேலை.

கேமரா முன்பக்கம் மட்டும்தான் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். முன்பக்கக் கேமராவே போதுமானதாக இருக்கலாம். அந்தப் பதிவில் டாக்சியின் பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மட்டும் கவனித்துப் பாருங்கள். நீங்கள் நின்ற பிறகு அவை ஒரே அளவில் அசையாமல் தெரிகின்றன, பிறகு திடீரென்று குலுங்கி முன்னால் பாய்ந்து பெரிதாகின்றன என்றால், நின்றிருந்த கார் தள்ளப்பட்டிருக்கிறது. நிற்காமல் ஒரே சீராகப் பெரிதாகிக்கொண்டே போய் மோதுகிறது என்றால் கதை வேறு. ஒலிப்பதிவு இருந்தால் முதல் சத்தம் வரும்போது டாக்சி எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்பதையும் பார்த்துவிடலாம். இந்த இரண்டு மூன்று விநாடிகள்தான் உங்கள் வழக்கு. அந்த மெமரி கார்டை இன்னும் கேமராவிலிருந்து கழற்றவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய்க் கழற்றுங்கள். இந்தக் கேமராக்கள் பழைய பதிவின் மேலேயே புதிதாகப் பதிந்துகொண்டு போகும். மூன்று வாரம் கார் ஓடியிருந்தால் போயிருக்கவும் வாய்ப்புண்டு. இருந்தால் வெட்டாமல், சுருக்காமல், முழுப் பதிவையும் நகல் எடுத்து வையுங்கள். டாக்சியிலும் கேமரா இருந்திருக்கலாம், அதைப் பாதுகாத்து வைக்கும்படி உங்கள் காப்புறுதி நிறுவனத்தை எழுதச் சொல்லுங்கள்.

மழை என்பது யாருக்கும் சாக்கு ஆகாது. ஓட்டுநர் தேர்வுக்குப் படித்தபோது மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒரு கார் நீளம் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். 80-ல் போனால் ஐந்து கார் நீளம். பிஐஇ-யில் அவ்வளவு இடம் விட்டால் நடுவில் இரண்டு பேர் புகுந்துவிடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை, ஆனால் அதை நீதிபதியிடம் சொல்லிப் பயனில்லை. "முன்னால் இருந்தவர் திடீரென்று பிரேக் போட்டார்" என்று லாரி ஓட்டுநர் சொன்னால், அதற்காகத்தானே இடைவெளி என்பதுதான் பதில். இதே பதில் உங்களுக்கும் டாக்சிக்கும் நடுவிலும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் பங்கு எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், அரசு நீதிமன்றங்களின் 'மோட்டார் ஆக்சிடென்ட் கிளைம்ஸ் ஆன்லைன்' என்ற இணையச் சேவை இருக்கிறது. கட்டணம் இல்லை. நடந்ததைக் கேள்வி கேள்வியாகத் தேர்ந்தெடுத்தால் பொறுப்பு எப்படிப் பிரியலாம் என்று காட்டும். அது யாரையும் கட்டுப்படுத்தாது. இருந்தாலும், தள்ளப்பட்டீர்கள் என்று ஒரு தடவையும் நீங்களே இடித்தீர்கள் என்று ஒரு தடவையும் போட்டுப் பாருங்கள். வித்தியாசத்தைப் பார்த்தால் நான் ஏன் அந்த மூன்று விநாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று புரியும்.

அடுத்தது அந்த வாட்ஸ்அப். "சாரி" என்ற சொல்லால் மட்டும் யாரும் வழக்கில் தோற்றுப்போவதில்லை. எங்கள் ஊரில் பேருந்தில் காலை மிதித்தவனுக்கும் மிதிபட்டவன் சாரி சொல்கிறான். ஆனால் "செலவை நான் பார்த்துக்கிறேன்" என்பது கொஞ்சம் கனமான வாசகம். எதிர்த்தரப்பு நிச்சயம் அதைக் காட்டும். காப்புறுதி நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று உங்கள் பாலிசியிலும் ஒரு நிபந்தனை இருக்கும். அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். அதை அழிக்காதீர்கள், அங்கிளின் ஃபோனில் அது இருக்கத்தான் போகிறது, நீங்கள் அழித்தது தெரிந்தால் அதுதான் பெரிதாகும். அதை அப்படியே படம் எடுத்து, எந்தச் சூழ்நிலையில் அனுப்பினேன் என்ற இரண்டு வரியோடு காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் டாக்சித் தரப்பின் கையிலிருந்து அதை முதல் முறையாகப் பார்ப்பதைவிட உங்களிடமிருந்து பார்ப்பது நல்லது. மோதலின் வரிசை உங்களுக்குச் சாதகமாக இருந்தால், பதற்றத்தில் போட்ட ஒரு வரி அதை மாற்றிவிடாது.

டாக்சி கம்பெனிக் கடிதத்துக்கு நீங்களாகப் பதில் எழுதக் கூடாது. பம்பர் செலவோடு நிற்காது அந்தக் கணக்கு. டாக்சி ஓடாத நாள்களின் வாடகையும் சேர்ந்து வரும். கடிதத்தை அன்றன்றைக்கே காப்புறுதி நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஒருவேளை நீதிமன்ற ஆவணமே வீட்டுக்கு வந்தால் இன்னும் வேகம் வேண்டும். வழக்கை எதிர்க்கப் போகிறோம் என்று தெரிவிக்க 14 நாள்தான். அதைத் தவறவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு வாங்கிவிட முடியும். வழக்கு என்று வந்தால் டாக்சித் தரப்பு உங்களை இழுக்கும், நீங்கள் லாரியை இழுப்பீர்கள், வேன்காரர் டாக்சியை இழுப்பார். எல்லாரும் ஒரே வழக்குக்குள் வந்துவிடுவதுதான் நல்லது. பெரும்பாலான வாகன விபத்து வழக்குகள் விசாரணைக்கே போவதில்லை. ஹேவ்லாக் ஸ்குவேரில் உள்ள அரசு நீதிமன்றங்களில் சமரசக் கட்டத்திலேயே, நீதிபதி ஆவணங்களையும் படங்களையும் பார்த்து இன்னாருக்கு இத்தனை விழுக்காடு என்று கருத்துச் சொல்வார். அதை வைத்து முடித்துக்கொள்வார்கள்.

சிறு வழக்கு மன்றத்துக்குப் போகலாமா என்று சில வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். போக முடியாது. வாகன விபத்துச் சேதம் அந்த மன்றத்தின் வரம்பில் இல்லை. காயம் சம்பந்தப்படாத, 3,000 வெள்ளிக்குக் குறைவான சேதம் என்றால் முதலில் ஃபிட்ரெக் என்ற நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்துக்குப் போக வேண்டும். அதற்கு மேல் 60,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

ஒர்க்‌ஷாப்பில் போட்ட கையெழுத்து எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை, இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போடுகிறார்கள். 'எல்லாம் நாங்க பாத்துக்கிறோம் அக்கா' என்று தம்பி பேனாவை நீட்டுவார், பின்னால் வரிசை நிற்கும். வக்கீல் பெயர் இருந்த தாள் அநேகமாக உங்கள் சார்பில் வழக்கு நடத்த அந்த நிறுவனத்துக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதம். அது தப்பு வேலை என்று நான் சொல்லவில்லை, பல ஒர்க்‌ஷாப்புகள் எதிர்த்தரப்புக் காப்புறுதியிடம் பழுதுச் செலவை வாங்க இப்படித்தான் ஏற்பாடு செய்கின்றன. ஆனால் அந்த வக்கீல் உங்கள் வக்கீல். உங்களைச் சந்திக்காமல், உங்கள் வாயிலிருந்து நடந்ததைக் கேட்காமல் அவர் கடிதம் அனுப்பினால் கேள்வி கேளுங்கள். கையெழுத்துப் போட்ட எல்லாத் தாள்களின் நகலையும் வாங்குங்கள். எதையாவது நிரப்பாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், குறிப்பாகப் பணம் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொள்ளும் தாள் என்றால், உடனே எழுத்தில் ரத்து செய்யுங்கள். வேறு வக்கீல் வேண்டும் என்றால் மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. "ஜெயித்தால் கிடைக்கும் பணத்தில் இத்தனை விழுக்காடு வக்கீலுக்கு" என்று யாராவது பேசியிருந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சிங்கப்பூரில் விபத்து வழக்குக்கு அப்படிக் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

கார் இன்னும் பிரிக்கப்படவில்லை என்று நம்புகிறேன். எதிர்த்தரப்புக் காப்புறுதியிடம் கேட்பதாக இருந்தால், பழுதுபார்ப்பதற்கு முன் வந்து பார்க்க அவர்களுக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். தெரிவித்த பின் அவர்கள் பதில் சொல்ல இரண்டு வேலைநாள். அதற்குள் பம்பரைக் கழற்றிப் புதுசு மாட்டிவிட்டால், பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் சண்டை போட வேண்டியிருக்கும். போகிற போக்கில் மற்றவர்களுக்கும் ஒன்று: விரைவுச்சாலையில் வண்டி நின்றுவிட்டால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி அருகிலுள்ள கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துச் செல்லும். கூப்பிடாமல் வந்து நிற்கும் இழுவை வண்டிக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ரிப்போர்ட் விஷயத்தில் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள். 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் என்பதுதான் விதி. சனிக்கிழமை விபத்துக்குத் திங்கட்கிழமை காலை போதும். சின்னக் கீறல்தானே என்று ரிப்போர்ட் செய்யாமல் விடுபவர்கள் என்சிடியில் 10 விழுக்காடு இழக்கலாம், காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கவும் கூடும். ஆனால் போலிஸ் ரிப்போர்ட் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. மாமனாருக்குக் காயம் இருக்கிறது, லாரியில் இருந்தவர்களுக்கும் இருந்திருக்கலாம். தாமதமானாலும் செய்துவிடுங்கள், அன்று காயம் தெரியவில்லை, மறுநாள்தான் தெரிந்தது என்ற உண்மையையே எழுதுங்கள்.

என்சிடி பற்றி: 50 விழுக்காடு ஒரு க்ளைமில் 20-க்கு இறங்கும், பூச்சியத்துக்கு அல்ல. உங்கள் பங்கு 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை என்று முடிவானால் பொதுவாக அது தொடப்படாது. பாலிசியில் என்சிடி பாதுகாப்பு வாங்கியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். சொந்தக் காப்புறுதியில் காரைச் சரிசெய்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் எக்சஸ் தொகையை, அதாவது பழுதுச் செலவில் பாலிசிப்படி உங்கள் கையிலிருந்து போக வேண்டிய பங்கை, நீங்கள் முதலில் கட்ட வேண்டும். லாரித் தரப்பிடம் கேட்டால் தாமதமாகும், ஆனால் எக்சஸ் இல்லை, கார் இல்லாத நாள்களுக்கும் கேட்கலாம். கேமராப் பதிவு உங்களுக்குச் சாதகமாக இருந்தால் இரண்டாவது வழிதான் என் யோசனை. எந்த வழியானாலும் உங்கள் நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதி வையுங்கள்: டாக்சித் தரப்போடு சமரசம் பேசினால், லாரிக்கு எதிராக என் உரிமையைப் பாதிக்காத வகையில் பேசவும் என்று. காப்புறுதி நிறுவனம் உங்களைக் கேட்காமலே சமரசம் செய்துகொள்ள பாலிசி இடம் கொடுக்கிறது. சின்னத் தொகையென்றால் சண்டை வேண்டாம் என்று அவர்கள் முடித்துவிடுவதும் உண்டு.

இனி மாமனார். உங்கள் கணவருக்கு என் பதிலை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இந்த விபத்தில் கொஞ்சம்கூடத் தவறு செய்யாதவர் ஒருவர் உண்டென்றால் அவர்தான். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவர் பிரேக் போட முடியாது. ஆகவே பொறுப்பு உங்களுக்கும் லாரிக்கும் எப்படிப் பிரிந்தாலும் அவருடைய இழப்பீடு முழுசாகக் கிடைக்க வேண்டியது. லாரி மட்டும்தான் காரணம் என்றால் லாரியின் காப்புறுதி கொடுக்கும். உங்களுக்கும் பங்கு உண்டென்றால் இரு தரப்பிடமும் கேட்கலாம், யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வாங்கலாம். பிறகு அவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். காகிதத்தில் உங்கள் பெயர் இருக்கும், பணம் கொடுப்பது உங்கள் காப்புறுதி நிறுவனம். சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் பிறருடைய காயத்துக்கான காப்புறுதி கட்டாயம் என்று இங்கே சட்டம் இருப்பதே இதற்காகத்தான். காரில் இருக்கும் பயணியும் அந்தப் 'பிறர்'தான், அவர் மாமனாராக இருந்தாலும் சரி. வருடாவருடம் பிரீமியம் கட்டியது எதற்கு? ஆயிரம் பேர் கட்டிய பணத்திலிருந்து முகம் தெரியாதவர்களுக்கு எல்லாம் போகிறது, அப்பாவின் பிசியோவுக்கு மட்டும் போகக் கூடாதா? மருமகள் மேல் கேஸ் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள்தான். பேசுகிறவர்கள் மருத்துவமனை பில்லைக் கட்டப் போவதில்லை.

உங்கள் என்சிடிக்கு இதனால் தனியாக இன்னொரு அடி விழும் என்ற பயம் வேண்டாம். ஒரே விபத்து, உங்கள் பங்கு என்னவென்று ஒரு தடவை முடிவாகும், அதுதான்.

ஆனால் ஒன்றில் கவனம். உங்களுக்காக லாரியிடம் கேட்கும் அதே வக்கீல் மாமனாருக்கும் வாதாடக் கூடாது. "என் கட்சிக்காரர் மேல் தவறே இல்லை" என்று உங்களுக்காகச் சொல்லும் வாய், "மருமகள் மேலும் கொஞ்சம் தவறு இருக்கலாம்" என்று அவருக்காகச் சொல்ல முடியாது. ஒர்க்‌ஷாப் தாளில் மாமனாரின் கையெழுத்தும் வாங்கியிருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். அவர் தனியாக ஒரு வக்கீலைப் பார்க்கட்டும், நீங்கள் கூடவே உட்காராதீர்கள்.

பின்சீட்டில் அவர் பெல்ட் போட்டிருந்தாரா? உங்கள் கடிதத்தில் இல்லை. போடவில்லை என்றால் இழப்பீட்டில் ஒரு பகுதி குறையலாம், முழுசாகப் போய்விடாது. அதற்காகப் பொய் சொல்ல வேண்டாம். போட்டிருந்தால் தோளில் அடையாளம் இருந்ததா, மருத்துவமனைக் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் பார்ப்பார்கள். 71 வயதுக் கழுத்தில் எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியாமல் இருக்காது. "இது வயசுக் கோளாறு" என்று லாரியின் காப்புறுதி எழுதும், இப்போதே சொல்லிவிடுகிறேன். விபத்துக்கு முன் வலியில்லாமல் இருந்தவருக்கு விபத்தால் வலி வந்தது, அல்லது இருந்த வலி கூடியது என்றால் அந்தக் கூடுதலுக்கு அவர்கள் கொடுத்தாக வேண்டும். ஆகவே முன்பு பார்த்த பலதுறை மருந்தகத்தின் பழைய குறிப்புகளை மறைக்காமல் மருத்துவரிடம் கொடுத்து, எது பழசு, எது புதுசு என்று பிரித்து எழுதும் அறிக்கை கேளுங்கள். பிசியோ ரசீது, டாக்சி ரசீது, தைலம் வாங்கிய ரசீது எல்லாம் ஒரு பையில் போகட்டும். தினமும் காலையில் மார்க்கெட்டுக்கு நடந்தவர் இப்போது போவதில்லை என்பது போன்ற விஷயங்களைத் தேதியோடு குறித்து வையுங்கள். அவருக்கு விபத்து நாளிலிருந்து மூன்று வருடம் அவகாசம். உங்கள் கார் சேதத்துக்கு ஆறு வருடம். அவகாசம் இருக்கிறதே என்று கடைசி மாதம் வரை விட்டுவிட்டு ஓடி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குள் சாட்சிகள் ஊரைவிட்டே போயிருப்பார்கள். சிகிச்சை முடியும் முன் எந்தத் தொகைக்கும் அவர் கையெழுத்துப் போடக் கூடாது.

லாரியில் இருந்த ஊழியர்கள் உங்கள் பேரில் க்ளைம் அனுப்பினால் அதுவும் காப்புறுதி நிறுவனத்துக்குப் போகட்டும். இதைப் படிக்கும் ஊழியத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: முதலாளி ஏற்பாடு செய்த லாரியில் வேலைக்குப் போகும்போதோ விடுதிக்குத் திரும்பும்போதோ அடிபட்டால் அதுவும் வேலையிடக் காயம்தான். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி மனிதவள அமைச்சில் ஒரு வருடத்துக்குள் கேட்கலாம், அல்லது தவறு செய்த ஓட்டுநர் மேல் வழக்குப் போடலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வழக்கில் தொகை கூடுதலாக வரலாம், ஆனால் யார் தவறு என்று நிரூபிக்க வேண்டும். முதல் வழியில் அந்தத் தொல்லை இல்லை. முடிவு செய்யும் முன் யாரிடமாவது கேளுங்கள்.

போக்குவரத்துப் போலிசிடமிருந்து உங்களுக்குக் கடிதம் வந்தால் அலட்சியம் வேண்டாம். கவனமின்றி ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டால், அந்தத் தீர்ப்பை இழப்பீட்டு வழக்கிலும் ஆதாரமாகக் காட்டலாம். "சின்ன அபராதம்தானே, கட்டிவிடுவோம்" என்று நினைக்கும் முன் வக்கீலிடம் பேசுங்கள்.

கடைசியாக லாரி முதலாளி. 2,000 வெள்ளி அவருக்கு மலிவு, அதனால்தான் தினமும் கூப்பிடுகிறார். உங்கள் பின்பக்கச் சேதம், டாக்சியின் பின்பக்கம், வேன், மாமனாரின் கழுத்து எல்லாம் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். பம்பருக்குப் பின்னால் என்ன வளைந்திருக்கிறது என்று உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கே இன்னும் தெரியாது. அந்தப் பணத்தை வாங்கி "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போட்டால், டாக்சித் தரப்பு உங்களைத் துரத்தும்போது நீங்கள் யாரையும் துரத்த முடியாமல் போகலாம். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை, அவர் தன் வியாபாரத்தைப் பார்க்கிறார். அடுத்த முறை கூப்பிட்டால் "அண்ணே, என் காப்புறுதி நிறுவனம் இது, க்ளைம் எண் இது, அவங்ககிட்ட எழுத்துல கேளுங்க" என்று சொல்லி வைத்துவிடுங்கள். அதற்கு மேலும் கூப்பிட்டால் எடுக்க வேண்டியதில்லை. இதுவரை வந்த அழைப்புகளின் பட்டியலையும், 2,000 வெள்ளி தருவதாக அவர் செய்தி ஏதும் அனுப்பியிருந்தால் அதையும் படம் எடுத்து, டாக்சி அங்கிளுக்குப் போன செய்தியை அனுப்பும் அதே மின்னஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.